பங்கு ஊருடையது; அதிகாரம் யாருடையது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே ஒரு சிறு நகரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 1,07,000 பேர். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் அணிகளோடு தேசியக் கால்பந்து லீக்கில் சரிக்குச் சமமாக மோதும் பேக்கர்ஸ் அணி இந்நகரத்தினுடையது. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தே இந்த லீக்கின் ஆட்டம். அதன் 32 அணிகளுள் 31 அணிகள் பெருஞ்செல்வர்களின் பிடியில் உள்ளன. பேக்கர்ஸ் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வைத்திருக்கும் லாபநோக்கற்ற நிறுவனம்.

இதை முதலாளித்துவத்தின் கோட்டைக்குள் முளைத்த சோஷலிசம் என்று கொண்டாடுவோர் உண்டு. வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குவோரும் உண்டு. அணியின் நூறாண்டு வரலாறு இவ்விரு முடிவுகளுக்கும் இடம் தரவில்லை.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டில் கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து அணியைத் தொடங்கினர். லாம்போ இறைச்சியைப் பதப்படுத்தி டப்பாக்களில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்தார். சீருடைக்கென அக்கம்பெனி தந்த 500 டாலரே முதல் மூலதனம். அணியின் பெயரும் அத்தொழிலிலிருந்தே வந்தது. ஆட்டத்தின் நடுவே பார்வையாளரிடம் தொப்பியை நீட்டிக் காசு திரட்டிய காலம் அது. கடன் கழுத்தை நெரித்தபோது, 1923இல் பங்கு ஒன்று ஐந்து டாலர் என ஊராரிடமே விற்று அணியைக் காப்பாற்றினர். 1935, 1950 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளிலும் ஊரே மீண்டும் கைகொடுத்தது. இதை உழைப்பாளர் இயக்கம் என்று அழைப்பது மிகை. முன்னின்று நடத்தியோர் உள்ளூர் வணிகரும் வழக்கறிஞரும் மருத்துவருமே. எனினும் அவர்கள் வகுத்த விதி அசாதாரணமானது: பங்குக்கு லாப ஈவு கிடையாது, அணி விற்கப்பட்டால் அப்பணம் போர்வீரர் நினைவிடத்துக்குச் செல்லும், எந்தத் தனிநபரின் பைக்கும் போகாது. 1997இல் அந்த நினைவிடத்தின் இடத்தில் அணியின் அறக்கட்டளை வைக்கப்பட்டது; தனியார் லாபத்துக்கான தடை அப்படியே நீடித்தது.

அந்த விதியின் மதிப்பை அறிய மற்ற ஊர்களைப் பார்த்தால் போதும். 1984 மார்ச்சில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியைக் கையகப்படுத்த மேரிலாந்து மாநிலம் சட்டம் இயற்ற முனைந்தது. அதன் உரிமையாளர் இரவோடிரவாக உடைமைகளை லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸ் நகருக்குக் கொண்டுபோனார். 1995 நவம்பர் 6 அன்று, கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி பால்டிமோருக்குப் பெயர்வதாக அதன் உரிமையாளர் அறிவித்தார். மைதானத்தைப் புதுப்பிக்க வரியை நீட்டிக்கலாம் என்று கிளீவ்லாந்து மக்கள் வாக்களித்தது அதற்கு மறுநாள்! பல தலைமுறைகள் நேசித்த ஓர் அணி, அதன் சொந்தக்காரருக்கு வெறும் சரக்கு. எங்கே விலை கூடுதலோ அங்கே அது போகும். கிரீன் பேயை விட்டு பேக்கர்ஸ் போகாததன் காரணம் அதன் நிர்வாகிகளின் நற்குணம் அன்று; இடம்பெயர்வதால் எவருக்கும் தனிலாபம் இல்லை என்பதே.

ஆயின் இச்சிறு நகரத்து அணி பிழைத்திருப்பது ஊர்ப்பற்றால் மட்டுமன்று. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையை எல்லா அணிகளும் சேர்ந்து விற்க 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்ட விலக்கு அளித்தது. அந்த வருவாய் அணிகளுக்குள் சரிசமமாகப் பங்கிடப்படுகிறது. சந்தைப் போட்டியின் புகழைப் பாடும் கோடீஸ்வரர்கள், தங்களுக்குள் மட்டும் சமப்பங்கீட்டைக் கடைப்பிடிக்கின்றனர்! பேக்கர்ஸ் மட்டுமே ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுவதால், ஓர் அணிக்கு லீக் வழங்கும் தொகை ஆண்டுக்கு 40 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்பது உலகுக்குத் தெரிகிறது.

பங்குதாரரின் அதிகாரமோ மிகச் சிறிது. 2021-22இல் 300 டாலருக்கு விற்கப்பட்ட பங்கு, சுவரில் மாட்டிவைக்கும் சான்றிதழ் என்பதைவிடச் சற்றே கூடுதலானது. இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமை உண்டு. ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டில் முன்னுரிமைகூட இல்லை. மைதானத்தைப் புதுப்பிக்க 2000ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்புக்குப் பின், பிரௌன் மாவட்டத்து மக்கள் 2015 வரை அரை விழுக்காடு விற்பனை வரி செலுத்தினர். நுழைவுச்சீட்டு வாங்க வசதியற்ற ஏழையும் அவ்வரியைக் கட்டினார்.

உடைமை வடிவத்தின் எல்லையைத் துலக்கமாகக் காட்டியது 2011. அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று பேக்கர்ஸ் தேசியப் பட்டத்தை வென்றது. அதே மாதம் விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியரின் கூட்டுப்பேர உரிமையைப் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பல்லாயிரம் ஊழியர் தலைநகர் மேடிசனில் திரண்டனர். அணித் தலைவர்களுள் ஒருவரும் வீரர் சங்கப் பிரதிநிதியுமான சார்லஸ் உட்சன் உள்ளிட்ட பேக்கர்ஸ் வீரர்கள் சிலர், ஊழியர் பக்கம் நிற்பதாக வெளிப்படையாக அறிவித்தனர். அடுத்த மாதமே லீக் தன் வீரர்கள் மீது கதவடைப்பை ஏவியது. ஊராருக்குச் சொந்தமான லாம்போ மைதானத்தின் கதவும் அவர்களுக்கு மூடப்பட்டது. வருவாயில் வீரர் பங்கைக் குறைப்பதே அணி முதலாளிகளின் நோக்கம். கணக்கைக் காட்டுங்கள் என்று வீரர் சங்கம் கேட்டது, அவர்கள் மறுத்தனர். வெளியில் இருந்த ஒரே கணக்கு பேக்கர்ஸின் கணக்கு. அதில் செயல்பாட்டு லாபம் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருந்ததை முதலாளிகள் தரப்பு தன் வாதத்துக்கு ஆதாரமாக்கியது. அணியின் அப்போதைய தலைவர் மார்க் மர்ஃபி, 1982 வேலைநிறுத்தத்தில் வீரர் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவர். 2011இல் மேசையின் எதிர்ப்பக்கத்தில், முதலாளிகள் அணியில் அமர்ந்திருந்தார்.

இதைத் தனிமனிதரின் தடுமாற்றமாகக் காண்பது பிழை. முதலாளிகளின் கூட்டமைப்புக்குள் உறுப்பினராக இருக்கும் எந்த நிறுவனமும், அதன் பங்குகள் எத்தனை லட்சம் கைகளில் இருந்தாலும், தன் உழைப்பாளிகளிடம் முதலாளியாகவே நடந்துகொள்ளும். கூட்டுறவு அமைப்புகளில் பணியாற்றும் தோழர்களுக்கு இது புதிய செய்தியன்று. உறுப்பினர் பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் ஜனநாயகம் வந்துவிடுவதில்லை. உழைப்போருக்கு முடிவெடுக்கும் இடம் உண்டா என்பதே உரைகல்.

ஆயினும் கிரீன் பேயின் முன்மாதிரியை முதலாளிகள் எவ்வளவு அஞ்சுகின்றனர் என்பதையும் மறக்கலாகாது. லீக்கின் விதிகள் இத்தகைய உடைமையை வேறெந்த அணிக்கும் அனுமதிப்பதில்லை; பேக்கர்ஸ் பழைய விதிவிலக்கால் நீடிக்கிறது. இத்தடையைத் தகர்க்க, ஒரேகான் மாநில உறுப்பினர் ஏர்ல் புளூமனாவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. 2024 ஆகஸ்டிலோ, தனியார் முதலீட்டு நிதியங்கள் ஓர் அணியில் பத்து விழுக்காடு வரை வாங்கலாம் என்று அதே லீக் கதவைத் திறந்துவிட்டது. நிதிமூலதனத்துக்குத் திறக்கும் கதவு, ஊர்மக்களுக்கு மட்டும் பூட்டியே கிடக்கிறது.

ஆகவே, அணி ஊரைவிட்டுப் போகாமல் காத்த விதியைப் பாதுகாக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கும் அவ்வுரிமையைக் கேட்க வேண்டும். அதோடு நில்லாமல், வீரருக்கும் மைதானத்தில் உழைப்போருக்கும் வரி கட்டிய மக்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் கோர வேண்டும். ஊருக்குச் சொந்தம் என்ற சொல் அன்றுதான் முழுப்பொருள் பெறும்.