அவதானமாக இருந்தால் போதுமா?

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகிவிட்டால் எங்கள் பத்திரிகைகளில் ஒரு வாசகம் தயாராக இருக்கும். கரையோர மக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர் என்பதே அது. செய்தி மேசையில் இருந்து இந்த வரியை எத்தனை தடவை நானே அச்சுக்கு அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை. இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

மட்டக்களப்பில் கல்லடியிலோ நாவலடியிலோ வசிக்கும் ஒருவர் இந்த வாசகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. நகருக்குள் வரப் பாலத்தைக் கடக்க வேண்டும். காற்று பலமாக வீசத் தொடங்கிய பின்னர் முதியவரையும் கைக்குழந்தையையும் அந்தப் பாலத்தால் கொண்டுவர இயலாது. ஆகவே, காற்று மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும் என்பது அவருக்கு முதற்கேள்வியல்ல. எத்தனை மணிக்குள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்? எந்தப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும்? அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது? அதன் கூரை ஓடா, தகரமா, கொங்கிறீற்றா? இவற்றுக்குப் பதில் சொல்லாத அறிவித்தலை முன்னெச்சரிக்கை என்று நான் ஏற்கமாட்டேன்.

கூரையைப் பற்றிக் கேட்பது வீண்பேச்சல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கூரையிலிருந்து கழன்ற தகரம் அந்தக் காற்றில் கத்தியாகிவிடும். இன்னொன்று: சூறாவளியின் கண் கடக்கையில் காற்று அடங்கும். முடிந்துவிட்டதென்று வெளியே வருபவரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று அடித்து வீழ்த்தும். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 என்ற அவசர இலக்கமும் உண்டு. ஆயினும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கிழக்குக் கரையேறி, மலையகத்தையும் மண்சரிவுகளால் சிதைத்து, 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிக்கொண்ட நாடு இது. பாராட்டு விழா மேடைப் பதாகையில் பிழையின்றித் தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு, புயலுக்கு முதல்நாள் மட்டும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமற் போவது எப்படி?

புயல் திசைமாறிப் போய்விட்டால் அதிகாரிகளை மக்கள் கேலி செய்வார்கள் என்பார்கள். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு அருகே கரைகடந்தது. அஞ்சிய அளவு அழிவு நேரவில்லை. அதன்பின் "இவ்வளவுதானா?" என்று சிரித்தவர்களில் எனது நண்பர்களும் உண்டு. சிரிக்கட்டும். பாடசாலை வாங்கில் ஓர் இரவு வீணாகக் கழிந்ததென்று சிரிப்பதற்கும் ஆள் உயிரோடிருக்க வேண்டுமே.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஒரேயொரு தாள் தமிழில் ஒட்டப்படட்டும்: இடம், பாதை, வாகனம், திறப்பு வைத்திருப்பவரின் தொலைபேசி இலக்கம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. வெளிநாடுகளில் இருக்கும் ஊர்ச் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பொதிக்கும் படப்பிடிப்புக்கும் காசு அனுப்புகிறீர்கள். இம்முறை ஒக்டோபருக்கு முன்னரே அனுப்புங்கள், அந்தப் பாடசாலையின் கூரைக்கு.