கடைக்கால் தோண்டுகிறவர் சொல் அம்பலம் ஏற வேண்டும்

நம் வானூர் தாலூகா திருச்சிற்றம்பலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கென்று ஒரு கட்டடம் எழும்பி நிற்கிறது. மினி டைடல் பூங்கா என்று பெயர். 31 கோடி ரூபாய்ச் செலவு, 63,000 சதுர அடி. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி முதல் மந்திரி மு.க. ஸ்டாலின் காணொலி மூலம் அதைத் திறந்து வைத்தார். நமது பிள்ளைகள் படித்துவிட்டுப் பட்டணத்துக்கு ஓடாமல் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்க முடியுமானால் அதை நாம் வரவேற்கிறோம். அந்தக் கட்டடத்தில் பழுது இருப்பதாகவும் நாம் சொல்ல வரவில்லை.

நாம் கேட்பது வேறு. இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டியவர் பெயரைச் சலவைக் கல்லில் வெட்டுகிறார்கள். உண்மையில் அடிக்கல் நாட்டுகிறவர் யார்? மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்குகிறவர், மண் சட்டியைத் தலையில் சுமந்து ஏறுகிறவர், கம்பி கட்டுகிறவர். உப்பளத்தில் மழை விழுந்து வேலை நின்றதும் சித்தாளாகப் போகிற மரக்காணத்துப் பெண், அறுப்பு முடிந்து கையில் காசில்லாத விவசாயக் கூலி, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ரயிலேறி வந்த தொழிலாளி, இவர்கள்தாம். கடைக்காலின் நல்லது கெட்டதை முதலில் காண்கிறவர்களும் இவர்களே. ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறுவதில்லை. ஏறாததால் என்ன நடக்கிறது என்பதைச் சென்னைப் பட்டணத்தில் பார்ப்போம்.

50 அடிப் பள்ளம்

2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை தத்தளித்தது. கிண்டி வேளச்சேரிப் பக்கம் ஐந்து பர்லாங் சாலையில் ஒரு பல மாடி வணிகக் கட்டடத்துக்காகச் சுமார் 50 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்திருந்தார்கள். மழையில் கரை மண் சரிந்தது. பக்கத்திலிருந்த கேஸ் பங்க்கின் அறையும், வேலைத்தலத்தில் வைத்திருந்த கண்டெய்னர் அறையும் பள்ளத்துக்குள் போய் விழுந்தன. இரண்டு வாலிபர்கள் உள்ளே சிக்கினர். பள்ளம் முழுவதும் தண்ணீர். அவர்கள் சடலங்களை வெளியே எடுக்கவே நாலு நாள் ஆயிற்று.

இதில் விளங்காத விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கிணறு வெட்டிய எவருக்கும் தெரியும்: பூமியைத் தோண்டினால் சுற்றிலும் உள்ள மண் உள்ளே தள்ளும். அதில் தண்ணீர் ஊறினால் மண்ணின் பிடிப்புத் தளரும், கனம் கூடும், தள்ளுகிற பலமும் கூடும். கரைக்கு இரும்புத் தகடோ கான்கிரீட் சுவரோ அண்டக் கொடுத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். புயல் வருகிறது என்று வானிலை இலாகா பல நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஆள் இருக்கக்கூடாது என்று கட்டளையிட யாருக்கும் பொறுப்பில்லாமல் போயிற்றே, ஏன்?

அதற்கு முன் 2014 ஜூன் 28-ந் தேதி போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் தறுவாயிலிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மாலை மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகளும் தமிழ்நாட்டுக் கூலிகளும். இடி விழுந்ததால் வந்த வினை என்று கட்டியவர்கள் தரப்பில் சொன்னார்கள்! இடி என்ன, அந்த ஊரில் அந்த ஒரு கட்டடத்தை மட்டும் தேடி வந்ததா? நீதிபதி ரகுபதி கமிஷன் விசாரித்தது. கோளாறு கட்டட அமைப்பிலேயே இருந்தது வெளிப்பட்டது. அதே வளாகத்தில் அருகில் நின்ற இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் அது மண்ணாயிற்று. இடிக்கும்போது சுற்றுப்புற ஜனங்களை அப்புறப்படுத்தி, போலீஸ் நிறுத்தி, எத்தனை ஜாக்கிரதை! கட்டும்போது அதில் கால் பங்கு ஜாக்கிரதை இருந்திருந்தால் 61 குடும்பங்கள் அனாதையாகி இருக்குமா?

புண்ணுக்குப் புனுகு

கட்டி முடித்துக் கம்பெனி குடிவந்த பிறகும் இதே கதைதான். சுவரில் விரிசல் கண்டால் உடனே 'புதுப்பிப்பு' என்று கிளம்புகிறார்கள். சிமெண்டு பூசி, வர்ணம் அடித்து, மேலே பளபளக்கும் பலகை ஒட்டுகிறார்கள். மேல் பூச்சு காய்ந்ததால் வரும் மயிரிழை வெடிப்புக்கு அது போதும். ஆனால் கதவு மூலையிலும் ஜன்னல் மூலையிலும் புறப்பட்டுச் சாய்வாக ஓடுகிற விரிசல் அப்படிப்பட்டதல்ல. கட்டடத்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட அதிகமாக இறங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. அதன் மேல் வர்ணம் அடிப்பது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வைத்தியம். வியாதி கீழே இருக்கிறது.

நம் கடற்கரையில் இன்னொரு வியாதியும் உண்டு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே இரும்பு எத்தனை நாள் தாங்குகிறது? உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் கசிந்து கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்ததும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். எனவே உவர் மண்ணில் கட்டுகிறவர்கள் கலவையையும் கம்பி மேல் மூடும் கனத்தையும் கூட்டியாக வேண்டும். களி மண்ணோ கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊறிப் புடைக்கும். அதன் மேல் மேலாகக் கடைக்கால் போட்டால் கட்டடம் அதோடு சேர்ந்து ஆடும். இவை எல்லாம் மண் பரிசோதனையில் தெரிகிற விஷயங்கள். ஆனால் மிச்சம் பிடிக்க நினைக்கிறவன் முதலில் மிச்சம் பிடிப்பது மண்ணுக்குள்தான். மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது அல்லவா?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரும் பணக்காரர்களுக்காக 58 மாடியில் மிலேனியம் டவர் என்று ஒன்று கட்டினார்கள். 2009-ல் முடிந்தது. அதன் அடித் தூண்கள் பாறை வரை போகவில்லை, மணல் அடுக்கோடு நின்றுவிட்டன. 2016-க்குள் கட்டடம் சுமார் 16 அங்குலம் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்தும் விட்டது. பிறகு இரண்டு பக்கங்களில் பாறை வரை புதிதாக 18 தூண்களை இறக்கி முட்டுக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவில் 2023-ல்தான் வேலை முடிந்தது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 2021 ஆகஸ்டில் இந்த ரிப்பேர் நடக்கும்போதே கட்டடம் மேலும் ஒரு அங்குலம் இறங்கியது. உடனே வேலையை நிறுத்தினார்கள். காரணம் பார்த்து, முறையை மாற்றிய பிறகே தொடர்ந்தார்கள். பணக்காரர் வீடு ஒரு அங்குலம் இறங்கினால் வேலை நிற்கிறது. கூலியாள் தலைக்கு மேல் கரை விரிசல் விட்டால் நிற்கிறதா?

தறி நிற்கிறது, பள்ளம் நிற்பதில்லை

மில் தோழர்களைக் கேட்கிறோம். பாவில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும்படி முதலாளி கருவி பூட்டியிருக்கிறான். துணி கெட்டால் அவனுக்கு நஷ்டம், ஆகவே நூலுக்குத் தறியை நிறுத்தும் அதிகாரம் கொடுத்திருக்கிறான்! ஒரு நூலுக்கு உள்ள அதிகாரம் பள்ளத்தில் நிற்கிற மனிதனுக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சுருட்டி மத்திய சர்க்கார் நாலு தொகுப்புகள் செய்தது; 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று அறிவித்தது. அதில் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் வருஷத் தொகுப்பில் ஒரு பிரிவு இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி கருதினால் முதலாளியிடம் சொல்லலாம், இன்ஸ்பெக்டருக்கும் சொல்லலாம். ஆபத்து இருப்பதாக முதலாளி ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயம் இன்ஸ்பெக்டரிடம் போகும், அவர் முடிவே இறுதி. அந்த இன்ஸ்பெக்டரின் பெயரையும் மாற்றி 'வசதி செய்து தருபவர்' என்று வால் சேர்த்துவிட்டார்கள். யாருக்கு வசதி? இன்ஸ்பெக்டர் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டு வந்து பார்க்கும் வரை ஈர மண் காத்திருக்குமா? அதுவரை கருவியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வருகிற உரிமை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கட்டட வேலைப் பாதுகாப்புக்காக 1988-லேயே 167-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. கடுமையான உடனடி ஆபத்து என்று நம்பக் காரணமிருந்தால் அவ்விடத்தை விட்டு அகலத் தொழிலாளிக்கு உரிமை உண்டு, வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவது முதலாளியின் கடமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாம் கேட்பது உலகத்தில் இல்லாத புதுமை அல்ல.

"கூலியாளுக்கு என்ஜினீயரிங் தெரியுமா?" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். கணக்குப் போடும் உரிமையைக் கூலியாள் கேட்கவில்லை; கணக்குப் போடத் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை நிறுத்தி வைக்கும் உரிமையைக் கேட்கிறார். அவர் கண் பொய் சொல்வதில்லை என்பதற்கு அத்தாட்சி உண்டு. 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் சரிந்தன. ஒரு உயிரும் போகவில்லை. ஏன்? விரிசல் பெரிதாவதை அங்கிருந்த ஜனங்களே கண்டு, ஒருவரை ஒருவர் எழுப்பி வெளியேறிவிட்டார்கள். மாறாக, 2019 டிசம்பர் 2-ந் தேதி மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு தனியார் பங்களாவின் உயரமான சுற்றுச்சுவர் அதிகாலை மழையில் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே மடிந்தனர். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்று ஜனங்கள் கதறினர். ஜனங்கள் சொல் செல்லுபடியான இடத்தில் உயிர்கள் பிழைத்தன. செல்லாத இடத்தில் 17 பிணங்கள்!

இன்னொரு உண்மையையும் மூடி மறைக்க வேண்டாம். பல இடங்களில் நம் ஆட்களே ஆபத்தைக் கண்டும் வாய் திறப்பதில்லை. பயத்தால் மட்டுமல்ல, பசியால். வேலை நின்றால் அன்றைய கூலி போச்சு. நாளைக்கு மேஸ்திரி கூப்பிடமாட்டார். நிறுத்தும் உரிமையைக் காகிதத்தில் எழுதிவிட்டுக் கூலியை வெட்டினால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய். நின்ற நாளுக்கும் கூலி என்றால்தான் அது உரிமை.

நாம் கோருவது

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியபோது நம் ஜில்லாவில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரும் பத்திரம் எழுதித் தர முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் கட்டடங்கள் வரத்தான் போகின்றன. எனவே நாம் கோருகிறோம்:

ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். பெண்களும் வெளி மாநிலத் தோழர்களும் அதில் இருக்க வேண்டும். ஆபத்து என்று கமிட்டி சொன்னால் வேலை நிற்க வேண்டும்; நின்ற நேரத்துக்குக் கூலி வேண்டும்; சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது.

மண் பரிசோதனை முடிவு, கடைக்கால் ஆழம், பொறுப்பான என்ஜினீயர் பெயர் ஆகியவற்றை வேலைத்தலத்தில் தமிழிலும், வேலை செய்கிறவர்கள் பேசும் பாஷையிலும் எழுதிப் பலகை மாட்ட வேண்டும்.

புயல், கன மழை எச்சரிக்கை நாட்களில் பள்ள வேலையைக் கூலியோடு நிறுத்த வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் ஆள் தங்கக்கூடாது.

புதுப்பிப்பு என்ற பெயரில் விரிசலை மூடுமுன், கடைக்காலைச் சோதித்த அறிக்கையை வெளியிட வேண்டும்.

கம்பெனிக் கட்டடத்துக்குச் செய்கிற அதே மண் பரிசோதனையைக் காலனி வீடுகளுக்கும் செய்ய வேண்டும். கம்பெனிக்குப் பாறை வரை தூண், ஏழைக்குப் புழுதி மேல் சுவர் என்பது என்ன நியாயம்?

இவ்வளவு கேட்டால் கம்பெனிகள் வராமல் ஓடிவிடும் என்று பூச்சாண்டி காட்டுவார்கள். கடைக்காலை முதலிலேயே ஒழுங்காகப் போடுவதை விட, இறங்கிய பின் முட்டுக் கொடுப்பது பன்மடங்கு செலவு என்பதைச் சான்பிரான்சிஸ்கோ முதலாளிகளே படித்துக்கொண்டார்கள். இங்குள்ளவர்களுக்கும் அது தெரியும். ஆனால் இங்கே சரிகிற மண்ணுக்கு விலை கொடுப்பது அவர்கள் பணமல்ல, நமது உயிர்.

பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு ஏகாதிபத்தியப் போலீஸ் சுட்டு 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த ரத்தத்தின் மேல்தான் மறு வருஷம் 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. பகலில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதில் தொழிலாளிக்குச் சொல் உண்டு என்று அன்று நிலைநாட்டினார்கள். சாவுக் குழியில் இறங்குவதா வேண்டாமா என்பதிலும் சொல் உண்டு என்று நிலைநாட்டுவது நம் காலத்து வேலை.

விவசாயக் கூலித் தோழர்களே, உப்பளத் தோழர்களே, மில் தோழர்களே! உங்கள் ஊரில் எங்கே பள்ளம் எடுத்தாலும் நாலு பேராகச் சேர்ந்து போய், பலகை எங்கே, கமிட்டி எங்கே, அண்டை எங்கே என்று கேளுங்கள். தனி ஆள் கேட்டால் வேலை போகும். சங்கம் கேட்டால் பதில் வரும்.