கல்லும் கள்ளியும்

மாமல்லபுரத்துக் கோயிலுக்கு 100 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்கிறது சட்டம். நல்லது. அந்தக் கோயிலைக் கட்டிய பல்லவனுக்கு நெல் அளந்த வயலுக்கு? ஒரு மீட்டர்கூடக் கிடையாது. செங்கல்பட்டு முதல் கடற்கரை வரை ஜேசிபி வைத்து வரப்பை நிரவி, வெள்ளைக் கல் நட்டு மனை விற்கிறார்கள்.

வரப்பில் என்ன இருக்கிறது என்பார்கள். 1879-இல் காரைக்கால் பக்கத்துக் காசக்குடியில் கிடைத்த செப்பேட்டைப் பாருங்கள் (கண்டெடுத்தவர் எங்கள் புதுச்சேரியிலிருந்த ழூல் தெ லா ஃபோன்). இரண்டாம் நந்திவர்மன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி ஊரைத் தானம் கொடுத்தபோது, நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டிருக்கிறார்கள். நான்கு எல்லையும் எழுதியிருக்கிறது. 30 வருடம் புலப்படம் பார்த்த குமாஸ்தா சொல்கிறேன், எங்கள் ரிக்கார்டு அவ்வளவு சுத்தமில்லை.

மண்ணிலும் எழுத்து உண்டு. தூர்ந்த வாய்க்கால் மேல் ஈரம் தங்கும், பயிர் ஓங்கும். புதைந்த சுவர் மேல் வாடும். நான் பிரெஞ்சில் படித்தவன், அதனால் அந்த ஊர் உதாரணம்தான் வாயில் வருகிறது. ரோஜே அகாஷ் 1960-களில் விமானத்திலிருந்து பிகார்தி வயல்களைப் படமெடுத்தே ரோமானியர் காலப் பண்ணை வீடுகளை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தார். கட்டடம் எழும்புமுன் மண்ணை ஆராய 2001-இல் அங்கே சட்டமே வந்துவிட்டது.

தண்ணீர் நிற்கும் நஞ்சையில் இதெல்லாம் தெரியாதே என்பீர்கள். சரி, மழை தவறிய ஆடியில் மானாவாரிக் கடலைக் கொல்லையைப் பாருங்களேன்! கல்யாண வீட்டில்கூட ட்ரோன் பறக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் ஒரு தடவை பறக்கவிட்டு, படத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன கேடு? கோப்பில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான்.