மூச்சு வேறு, முழுக்கு வேறு

புதிதாகக் கற்க வருவோரின் உயிர், கற்பிப்போர் கையில் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருளாகும். இவ்வுண்மையை மறந்து நடத்தப்படும் ஒரு பயிற்சியைக் குறித்து ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்தித்தல் வேண்டும். பழக்கமில்லாதவர்களைக் கூட்டமாகச் சேர்த்து, மூச்சுப் பயிற்சியையும் குளிர்நீர் முழுக்கையும் ஒரே வேளையில் கற்பிக்கும் வழக்கமே அது.

குளிர்நீரில் முழுகுவது குற்றமென்று நாம் கூறவில்லை. நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் ஆண்டுதோறும் சனவரி முதல் நாளன்று ஆயிரக்கணக்கானோர் ஆரவாரத்துடன் வடகடலில் பாய்ந்து கரையேறுகின்றனர். அந்நாட்டில் 1959இல் பிறந்த விம் ஹோஃப் என்பவர், குளிரையும் மூச்சையும் இணைத்து ஒரு முறையை வகுத்துப் பரப்பினார். முப்பது நாற்பது முறை ஆழ மூச்சிழுத்து விட்டு, பின் மூச்சை வெளியேற்றி அடக்குவது அதன் ஒரு பகுதி; குளிரைப் பழகுதல் மற்றொரு பகுதி. நீர் அவ்வளவாகக் குளிராத மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், தொட்டியில் பனிக்கட்டியை நிரப்பி இதனைப் பழகுவோர் உளர்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பதில்தான் கேடு இருக்கிறது. குளிர்நீர் தோலைத் தீண்டியவுடன் உடல் திடுக்கிடுகிறது. நம் விருப்பத்தைக் கேளாமலே மூச்சு உள்ளிழுக்கப்படுகிறது, இரைப்பு உண்டாகிறது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. முதல் அரை நிமிடத்தில் உச்சமடையும் இந்நிலை, இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். அவ்வேளையில் முகம் நீருக்குள் இருப்பின், மூச்சோடு நீரும் உட்புகும்.

மூச்சுப் பயிற்சியின் தன்மையோ வேறு. மூச்சு விடவேண்டும் என்னும் தவிப்பைப் பெரும்பாலும் தூண்டுவது பிராணவாயுக் குறைவு அன்று. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுதலே. விரைந்து ஆழ மூச்சு விடுபவர் கரியமிலவாயுவை வெளியேற்றிவிடுகிறார். நலமுள்ளவரின் இரத்தத்தில் பிராணவாயு முன்னரே ஏறக்குறைய நிறைந்திருப்பதால், அது மிகுதியாகச் சேர்வதில்லை. பின்னர் மூச்சை அடக்கும்போது பிராணவாயு குறைந்துகொண்டே போகும். எச்சரிக்க வேண்டிய தவிப்போ காலந்தாழ்த்தே வரும். அதற்குள் நினைவு தப்பலாம். பாயில் படுத்திருப்பவர் மயங்கினால் மூச்சு தானே திரும்பக்கூடும். நீரில் இருப்பவர் மயங்கினால் என்னாகும்?

அறிவியல் இதனை மெய்ப்பித்துவிட்டது என்பர் சிலர். 2014இல் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைச் சான்று காட்டுவர். 24 பேர் பங்குகொண்ட அச்சோதனையில், நுண்ணுயிரியின் நச்சுப்பொருள் செலுத்தப்பட்டபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு நோய்க்குறிகள் குறைவாகவே தோன்றின. உண்மைதான். ஆனால் அன்று அவர்கள் மூச்சுப் பயிற்சி செய்தது மருத்துவக் கண்காணிப்பில், படுக்கையில். நீரில் மூச்சுப் பயிற்சி செய்யலாகாது என்று ஹோஃபின் தரப்பினரே எச்சரிக்கின்றனர். குரு விலக்கியதைச் சீடர் விதியாக்குவது எங்ஙனம் முறையாகும்?

நம் பிராணாயாமந்தானே இது என்று பெருமை பேசுவோரும் உளர். இருக்கை நிலைபெற்ற பின்னரே பிராணாயாமம் என்பது பதஞ்சலி வகுத்த வரிசை. நடுங்கும் உடலோடு பனித்தொட்டியில் அமர்ந்திருப்பவருக்கு இருக்கை ஏது, நிலை ஏது? மரபின் பெயரைச் சொல்பவர் மரபின் ஒழுங்கையும் ஏற்கவேண்டாமா?

கூட்டமே காப்பு என்பது மூன்றாவது வாதம். நீரில் மயங்குபவர் கூச்சலிடுவதில்லை, ஓசையின்றி அமிழ்ந்துவிடுவார். அனைவரும் கண்மூடியிருக்கும் கூட்டத்தில் அதனைக் காண்பவர் யார்? மேலும், முதலில் எழுந்து கரையேற வெட்கப்பட்டு, உடல் மறுத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர் புதியவரே. கூட்டம் ஊக்கம் தரும். அதே கூட்டம் வாயையும் அடைக்கும்.

எழுத்தும் சொல்லும் அறியாத மாணவனுக்கு நாம் யாப்பைக் கற்பிப்பதில்லை. இங்கும் அவ்வொழுங்கே வேண்டும். மூச்சுப் பயிற்சியை நீரினின்றும் நீங்கிய இடத்தில், வேறொரு வேளையில், அமர்ந்தோ படுத்தோ கற்பிக்கட்டும். இதயநோய், இரத்தக் கொதிப்பு, வலிப்பு உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது. மற்றவர் குதிக்காமல் மெல்ல இறங்கி, தலையை மேலே வைத்து, இயல்பாக மூச்சுவிட்டு, ஓரிரு நிமிடங்களில் வெளியேறட்டும். சில நிமிடங்களே நீடிக்கும் ஐந்தாறு முழுக்குகளிலேயே உடலின் திடுக்கம் பெரிதும் குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. பொறுமைக்குப் பலன் உண்டென்றால் அவசரம் எதற்கு? நீரில் இறங்காத ஒருவர் கரையில் நின்று ஒவ்வொரு முகத்தையும் நோக்கிக்கொண்டிருக்கட்டும்.

இவ்வளவும் செய்ய இயலாதவர் பிறருக்குக் கற்பிக்க முன்வரலாகாது. துணிவை வளர்ப்பது நல்லாசிரியர் பணி என்பதை மறுப்பார் இலர். ஆனால் ‘போதும்’ என்று எழுந்து வரும் மாணவனை இகழாமல் வரவேற்பதும் அப்பணியைச் சேர்ந்ததே.