ஓர் ஊசியின் விலை

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி இத்தனை விலை விற்கிறதே, பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது இப்போதே தேவைதானா என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2023ஆம் ஆண்டு அறிமுகமான உள்நாட்டுத் தயாரிப்பாகிய செர்வாவேக்கின் விலையே தனியார் சந்தையில் சுமார் 2,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம்.

பரவத் தொடங்கிய நோய்க்கு வழக்கமான சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் கதிர்வீச்சு; வாரம் ஒருமுறை கீமோதெரபி; அதன்பின் உட்கதிர்வீச்சு. சிகிச்சைக் கட்டணத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆனால் சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ மீன் விற்றுப் பிழைக்கும் ஒரு பெண், காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ சென்னை அடையாற்றுக்கோ நாள்தோறும் சென்றுவரும் பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, கூடை தூக்காத நாட்களின் வருவாய், வட்டிக்கு வாங்கிய கடன் ஆகியவற்றை எந்த அட்டையும் ஏற்பதில்லை. செலவையும் பயனையும் ஒப்பிடும் ஆய்வுகள் பலவும் இவற்றை முழுமையாகச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் தடுப்பூசியின் பக்கமே தராசு மேலும் சாயும்.

ஊசியின் செலவு குறைந்த கதையில் நம் மாநிலத்துக்கும் பங்குண்டு. 2009இல் இந்தியாவின் பல மையங்களில், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உட்பட, இரண்டு தவணை போதுமா, மூன்று தேவையா என்று அறியும் ஆய்வு தொடங்கியது. கம்மம், வடோதரா பகுதிகளில் நடந்த வேறொரு திட்டத்தைப் பற்றிய சர்ச்சையால் 2010இல் இதுவும் நிறுத்தப்பட்டது. அந்தத் திட்டத்தில் நிகழ்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமென விசாரணையில் தெரியவில்லை. பெற்றோரின் ஒப்புதலை முறையாகப் பெறாதது மெய்யான குறை. அம்பிளிக்கை முதலிய மையங்களிலோ, ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுபோயினர். பத்தாண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இந்நோய்க்கு முதன்மைக் காரணமான 16, 18 ஆகிய வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றை அந்த ஒரு தவணையே 95 விழுக்காடு தடுத்தது தெரியவந்தது. பிற நாடுகளின் சான்றுகளும் சேர, 9 முதல் 20 வயது வரையிலான பெண்களுக்கு ஒரு தவணை முறையையும் பின்பற்றலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் கூறியது.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்கத்தக்க முடிவு. ‘படிப்படியாக’ என்ற சொல்தான் உறுத்துகிறது. தன் மாவட்டத்தின் முறை வருமுன் ஒரு சிறுமிக்குப் பதினைந்து வயது நிரம்பிவிடலாம். அவளையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு தவணை போதுமெனில் அதற்காகும் கூடுதல் செலவு பெரிதாக இராது.

வயதைக் குறித்த தயக்கத்தையும் பேசிவிடலாம். இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது. தொற்று நேர்வதற்கு முன் போட்டால்தான் ஊசி முழுப் பயன் தரும். ஆகவேதான் இள வயது. திருமணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால் அதே விலைக்குக் குறைந்த பயனே கிடைக்கும்.

இனி, மகளை அழைத்து வரும் தாய்க்கு ஒரு சொல். முப்பதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். திண்டுக்கல் மாவட்டத்தில் இதே எளிய முறையில் ஒரு சுற்றுப் பரிசோதனையும் உரிய சிகிச்சையும் அளித்தபோது இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்டுக்கொண்ட மகளும் முப்பது வயதுக்குப் பின் இதற்கு வரத்தான் வேண்டும்; எல்லா வைரஸ் வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.