உலகளந்தவன் பெயர் தாங்கிய நீலப்பூ

அமாவாசைதோறும் திருவள்ளூரில் அடியார் கூட்டம் பெருகும். ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் சமர்ப்பித்து, நோய் தீர வேண்டி நிற்போர் பலர். சாலிஹோத்திர முனிவரின் சிரத்தில் வலக்கரம் வைத்துச் சயனித்தருளும் எம்பெருமானை வைத்திய வீரராகவன் என்றே இவ்வூரார் அழைப்பர். திருமாலின் திருநாமம் கொண்ட மூலிகை ஒன்று இம்மாவட்டத்துச் செம்மண் மேடுகளிலும் புல்வெளிகளிலும் காலடியிலேயே பூத்துக் கிடக்கிறது. அதுவே விஷ்ணுகிராந்தி.

'கிராந்தம்' என்னும் வடசொல்லுக்கு அடியிட்டுக் கடந்தது என்று பொருள். மூவடியால் உலகளந்தவனின் திருவடி பட்ட பூண்டு என்று பெரியோர் விளக்குவர். வடநாட்டார் சிலர் சங்குப்பூவையும் இப்பெயரால் சுட்டுவதுண்டு; அது கொடி, இது வேறு. தரையோடு தரையாகப் படர்வது. சிற்றிலைகளில் பட்டுப் போன்ற மென்மயிர் அடர்ந்திருக்கும். சட்டைப் பொத்தானினும் சிறிய மலர், நீலமேக வண்ணம். காலையில் விரிந்து உச்சிப்பொழுதில் சுருங்கிவிடும். ஆதலால் வெயில் ஏறிய பின் தேடுவோர் கண்ணில் இது படுவதே இல்லை.

இதன் குடும்பத்துக் கொடிகள் பல அருகிலுள்ளதைப் பற்றிச் சுற்றும். இது எதையும் சுற்றாது. 1762-இல் லின்னேயஸ் இட்ட எவால்வுலஸ் என்ற லத்தீன் பெயர் அக்குணத்தையே குறிக்கிறது. மலையாள நாட்டார் கர்க்கடக மாதத்தில் சூடும் தசபுஷ்பத்துள் இதுவும் ஒன்று. விநாயக சதுர்த்தியின் 21 பத்திரங்களிலும் இதற்கு இடமுண்டு. சித்த மருத்துவர் சுரத்திற்கு இதைக் கையாள்வர். அது அவர் அறிந்து தர வேண்டியது, தாமே காய்ச்சிக் குடிப்பதற்கன்று.

இப்பூண்டின் உயிர் வேரில் உள்ளது. கோடையில் தண்டு கருகினும், ஆடு மேய்ந்தாலும், மழை கண்டதும் வேர் மீண்டும் தளிர்க்கும். ஆனால் தொழிற்கூடங்கள் பெருகிய கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளில் மண் கொட்டி மேடாக்கிச் சிமெண்டு பூசிய மனைக்கு அடியில் வேர் என்ன செய்யும்? எஞ்சிய தரிசிலோ மூலிகை பறிப்போர் வேரோடு பிடுங்கிவிடுகின்றனர். மருந்துக்குச் சமூலமும் வேண்டும் என்பர், இருக்கட்டும். பூஜைக்கு வேர் எதற்கு? பத்திரம் என்றாலே இலைதானே!

சதுர்த்தியன்று விடியலில் சென்று, நுனித் தளிரை மட்டும் நகத்தால் கிள்ளி வந்தால் போதும். அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் அதே செடி பூத்திருக்கும்.