வழக்குரையில் திருத்தம்: தாமதத்தால் யாருக்கு லாபம்?

ஒரு நிலத் தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். வாதியின் நிலம் சர்வே எண் 142/3-ல் இருக்கிறது. வழக்குரையை டைப் அடிக்கும்போது அது 142/2 என்று விழுந்துவிட்டது. வருடங்கள் ஓடி, வாதி கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணை நடக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. ஒரே ஒரு எண்ணுக்காக அந்த மனிதர் நிலத்தை இழக்க வேண்டுமா? திருத்திக்கொள்ளட்டும் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது இன்னொரு வழக்கு. வாடகை பாக்கிக்காகக் கடையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போடுகிறார். வாடகைக்கு இருப்பவர் முதலில் வாடகைதாரர் என்று ஒப்புக்கொண்டு எதிருரை தாக்கல் செய்கிறார். விசாரணை தொடங்கப் போகிற நேரத்தில், "கடையை எனக்கு விற்பதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது" என்று சேர்க்க ஒரு திருத்த மனு! அதற்கு ஒரு எதிர்மனு, வாதம், உத்தரவு, பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அத்தனை நாளும் கடை யார் கையில் இருக்கிறது?

இரண்டு பேரும் தட்டுவது ஒரே கதவைத்தான். 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 17. வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தத்தை அனுமதிக்கலாம். இரு தரப்புக்கும் இடையே உள்ள உண்மையான பிரச்சினையைத் தீர்க்கத் தேவையான திருத்தமாக அது இருக்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். இதன் பின்னால் உள்ள எண்ணம் இன்னும் பழையது. 1884-லேயே இங்கிலாந்து நீதிபதி போவன், நீதிமன்றம் இருப்பது உரிமைகளைத் தீர்மானிக்கத்தானே தவிர, வழக்கு நடத்துவதில் செய்த தவறுக்குத் தண்டனை கொடுக்க அல்ல என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்த நல்ல விதி, வாய்தா வாங்கும் கருவியாகவும் ஆகிப்போனது. அதனால் 1999-ல் பாராளுமன்றம் கொண்டுவந்த திருத்தச் சட்டம் விதி 17-ஐயே தூக்கிவிட்டது. வக்கீல்கள் எதிர்த்தார்கள். 2002-ல் வந்த இன்னொரு சட்டம் விதியைத் திரும்பக் கொண்டுவந்து, கூடவே ஒரு பூட்டும் போட்டது. விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கிடையாது. தக்க கவனத்தோடு இருந்தும் முன்பே அதை எழுப்பியிருக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விதிவிலக்கு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பூட்டைச் சரி என்றே சொன்னது. சாட்சியின் முதல் விசாரணைக்கான பிரமாணப் பத்திரம் தாக்கலானாலே விசாரணை தொடங்கிவிட்டது என்று 2008-ல் வித்யாபாய் வழக்கில் தெளிவாக்கியது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். இழுத்தடிக்க நினைப்பவருக்குத் தேதி நன்றாகத் தெரியும். பிரமாணப் பத்திரம் தாக்கலாவதற்கு முந்தின வாய்தாவிலேயே மனுவைப் போட்டுவிடுவார். பூட்டு அவரைத் தொடவே தொடாது. நேர்மையாகப் பிழை செய்தவருக்கோ, பிழை பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான் தெரியவருகிறது. அவர்தான் "தக்க கவனம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வழக்குரையை எழுதியது வக்கீல், கையெழுத்து மட்டும்தான் அவருடையது. அவர் எந்தக் கவனத்தை நிரூபிப்பது? எழுத்துப் பிழை என்றால் நீதிமன்றம் இரங்கலாம். அனுபவம் தன்னிடம் இல்லாத நிலத்துக்கு, சுவாதீனம் கேட்காமல் உரிமை விளம்புகை மட்டும் கேட்டிருந்தால்? குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி வழக்கே தோற்றுப்போகும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தத் தேதியில் வந்தாய்?" என்பதல்ல, "தாமதத்தால் யாருக்கு லாபம்?" என்பதுதான். நிலம் கையில் இல்லாத வாதிக்கு வழக்கு நீள்வதால் நஷ்டம்தான். கடையை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் வரவு. இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

அதற்காக வாதி எதையும் எப்போதும் சேர்க்கலாம் என்பதல்ல. கே.ரஹேஜா வழக்கில், உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு வழக்குப் போட்டவர்கள் ஏழு வருடம் கழித்து, ஒப்பந்தப்படி ஏற்றதை ஆற்றச் சொல்லிக் கேட்க வந்தார்கள். கால வரையறை மூன்றே வருடம் என்பதால் 1995-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1976-ல் மோடி ஸ்பின்னிங் வழக்கில், எதிருரையில் ஒப்புக்கொண்டதைச் சுமார் மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பெற வந்த பிரதிவாதியையும் திருப்பி அனுப்பியது. இரண்டும் நியாயமே. அங்கே எதிராளி கையில் ஏற்கனவே வந்துவிட்ட ஒன்றைத் திருத்தம் பறிக்கப் பார்த்தது.

எதிராளியிடமிருந்து எதையும் பறிக்காத திருத்தம் என்றால்? 1986-ல் போட்ட வழக்கில், ஏற்கனவே மாற்றுப் பரிகாரமாகக் கேட்டிருந்த சுமார் 1 கோடி இழப்பீட்டைச் சுமார் 400 கோடியாக உயர்த்த 2017-ல் மனு வந்தது. எதிர்த்தது எல்.ஐ.சி. தாமதம் ஒன்றே மறுக்கக் காரணமாகாது என்று சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை அனுமதித்தது. 31 வருடம் என்றதும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் அந்தத் தொகையை நிரூபிக்கும் பாரம் இன்னும் வாதி தலையில்தான் இருக்கிறது.

இழுத்தடிப்பவரை என்ன செய்வது? இங்கேதான் கணக்கு உதவும். தாமதம் மலிவாகக் கிடைக்கும்வரை அதை வாங்க ஆள் இருக்கும். பொய்யான அல்லது தொந்தரவுக்கான வாதங்களுக்கு ஈட்டுச் செலவு விதிக்கும் 35ஏ பிரிவின் உச்சவரம்பு, சாதாரண வழக்குகளில் 3,000 ரூபாய்! கடைவீதியில் ஒரு கடையின் மாத வாடகை என்ன? மூவாயிரம் கட்டி ஒரு வருடம் வாங்கினால் அதைவிட நல்ல வியாபாரம் வேறு உண்டா? அதே சேலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை என்பது உண்மையில் ஆன நியாயமான செலவாக இருக்க வேண்டும், ஜெயித்தவர் செலவழித்த நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. அதைத் திருத்த மனுக்களில் கண்டிப்பாகப் பின்பற்றினாலே போதும்.

ஏழை வழக்காளி எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் தொகையை, தாமதத்தால் கிடைக்கும் லாபத்தோடு சேர்த்து நிர்ணயிக்க வேண்டும். சர்வே எண்ணைத் திருத்துபவர் எதிராளியின் ஒரு நாள் செலவைக் கொடுக்கட்டும். கடையில் உட்கார்ந்துகொண்டு புதுக்கதை சொல்பவர், மனு நிலுவையில் இருக்கும் மாதங்களின் வாடகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுச் சொல்லட்டும். கதை உண்மையென்றால் பணம் திரும்பி வரும். பொய்யென்றால், அந்த மனு அவர் மேசைக்கே வந்திருக்காது.